கையடக்க டார்ச் வாங்கியவர்களின் அனுபவம்: வெளிச்சம் பெரிதா, நின்று எரியும் நேரம் பெரிதா?

வயல்காரர்:

மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் வாரங்களில் நள்ளிரவுக்கு மேல்தான் மோட்டார் போட முடியும் என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. அதற்காகவே மூன்று மாதங்களுக்கு முன் உள்ளங்கையில் அடங்கும் டார்ச் ஒன்றை வாங்கினேன். அதன் அட்டையில் வெளிச்சத்தின் அளவு 3000 லூமன் என்றும், எரியும் நேரம் 12 மணி நேரம் என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். திண்ணையில் நின்று அடித்துப் பார்த்தபோது எதிர்த்தோப்புத் தென்னைகளின் உச்சி வரை பகலாகத் தெரிந்தது. பழைய இரண்டு கட்டை செல் டார்ச்சை அன்றே பரணில் போட்டுவிட்டேன்.

அன்று இரவு மோட்டார் கொட்டகைக்குப் போகும் வரப்பில் பாதி தூரம் நடந்திருப்பேன். டார்ச்சை முழு வெளிச்சத்தில்தான் வைத்திருந்தேன். கை சுடத் தொடங்கியதும் வெளிச்சம் தானாகவே இறங்கிவிட்டது. ஒரேயடியாக இறங்கியிருந்தால் நின்றிருப்பேன். மெல்ல மெல்ல இறங்கியதால் எனக்கு அது தெரியவே இல்லை. எதிரே வரப்பின் குறுக்கே கறுப்பாக ஒன்று கிடந்தது. முந்தின வாரம் அறுத்துப் போட்ட சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள் அங்கே கிடந்ததால் அதையும் குழாய் என்றே எண்ணினேன். காலைத் தூக்கிய பிறகுதான், அதன் மேலிருந்த மெல்லிய வெள்ளை வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதைக் கண்டேன். கட்டுவிரியன். தூக்கிய காலைப் பின்னால் வைத்த அந்த நொடி இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வெளிச்சம் அதிகமுள்ள டார்ச்சை வாங்குவதா, குறைவாக இருந்தாலும் கடைசி வரை ஒரே அளவில் எரிவதை வாங்குவதா என்பதைப் பயன்படுத்தியவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோவை மலைநடை:

ஐயா, நீங்கள் தப்பித்தது பெரிய ஆறுதல். எனக்கு நேர்ந்தது உயிருக்கு ஆபத்தானதல்ல, ஆனாலும் மறக்கவில்லை. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் இரவில் ஏறி, விடியும்போது உச்சியில் இருக்க வேண்டும் என்று நண்பர்கள் நால்வர் கிளம்பினோம். முதல் மலையின் படிகளிலிருந்தே என் டார்ச்சை உச்ச வெளிச்சத்தில் வைத்து, முன்னால் போகிறவர்களுக்கும் சேர்த்து வழி காட்டிக்கொண்டு போனேன். வெப்பத்தால் அது இறங்கும்போதெல்லாம் மறுபடியும் பொத்தானை அழுத்தி ஏற்றினேன். ஐந்தாம் மலையில், குளிர்காற்று முகத்தில் அறையும் இடத்தில், பொத்தானுக்குள் இருந்த சிறு விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கியது. சற்று நேரத்தில் டார்ச் அணைந்துவிட்டது. பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டது என்பதால் மாற்றிப் போடவும் வழியில்லை.

அப்போது எங்களைக் கடந்து போன, அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவரின் கையில் ஒற்றைப் பென்சில் செல் போடும் டார்ச் இருந்தது. அடுத்த அடியை வைக்க வேண்டிய கல் மட்டும் தெரியும்படி அதைத் தாழ்த்திப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, "கண்ணு, என்ற காலடியப் பாத்தே வாங்க" என்றார். அந்தச் சிறிய வட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் நால்வரும் மிச்ச மலையை ஏறினோம்.

நடப்பதற்கு 50 லூமனே போதும் என்பது அன்று நான் கண்டது. ஆகவே நேரத்தையே பாருங்கள்.

கம்பிப்பணி:

50 லூமன் போதும் என்று மேலே நண்பர் சொல்வது, ஆயிரக்கணக்கானோர் நடந்து தேய்ந்த மலைப்பாதைக்குச் சரியாக இருக்கலாம். வரப்பில் நடப்பவருக்கு அதைப் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. பாம்பின் மேல் கால் படுவதற்குப் பத்தடி முன்பே அது தெரிந்தாக வேண்டும்.

கஜா புயலுக்குப் பின் வெளிமாவட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட மின்கம்பிப் பணியாளர்களில் நானும் ஒருவன். ஓர் இரவு, அறுந்த கம்பியின் மறுமுனை எங்கே விழுந்திருக்கிறது என்று தேடினோம். என் டார்ச்சின் வெளிச்சம் அகலமாகப் பரவியதால் அருகிலிருந்த புல் மட்டுமே பளபளத்தது. உடன் வந்தவரின் டார்ச் லூமனில் என்னுடையதில் பாதிதான். ஆனால் விளக்கைச் சுற்றி ஒளியைக் குவிக்கும் ஆழமான கிண்ணம் கொண்டது. அதன் கூரிய கற்றை, சாய்ந்த தென்னைக்கு அப்பால் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்த கம்பியை முதல் வீச்சிலேயே காட்டிவிட்டது. லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்த அளவு மட்டுமே. அந்த ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்வது கேண்டெலா.

வயல்காரர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வெளிச்சம் இறங்கியது பழுதல்ல. 3000 லூமன் தர ஏறக்குறைய 30 வாட் மின்சாரம் தேவை. அதில் பெரும்பகுதி வெப்பமாக மாறுவதால், விரலளவு அலுமினியக் குழாய் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் அதைத் தாங்காது. எல்.இ.டி. கருகாமல் இருக்கவே உள்ளிருக்கும் மின்சுற்று வெளிச்சத்தைக் குறைக்கிறது. குறை அட்டையில்தான் இருக்கிறது. 3000 என்பது முதல் நிமிடத்து வெளிச்சம், 12 மணி நேரம் என்பது ஏதோ ஒரு தாழ்ந்த நிலைக்குரிய நேரம். இரண்டையும் ஒரே நிலையின் கணக்குப்போல் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். நேர்மையாக அளப்பவர்கள் பின்பற்றும் ஆன்சி எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவீட்டு முறை 2009ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆனால் அதிலும்கூட, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரியும் நேரம் முழுவதையும் கணக்கில் சேர்க்கலாம். 1000 லூமனில் தொடங்கி 150 லூமனில் இழுத்துக்கொண்டிருக்கும் டார்ச்சும் அந்த முறைப்படி எரிந்துகொண்டிருக்கும் டார்ச்சுதான்.

கடையில் நின்றே கணக்குப் போடலாம். 18650 என்னும், மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் செல் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உடையது. அதில் நல்ல தரமானது 3500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 12.6 வாட் மணி. வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்துக்கொண்டால், 300 லூமனில் நான்கு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகவும், 1000 லூமனில் ஒன்றேகால் மணி நேரமும் எரியும். இந்தக் கணக்கைப் பெரிதும் மீறிய எண் அட்டையில் இருந்தால் நம்ப வேண்டாம். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 செல்லை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்த அளவுக்குள் அவ்வளவு மின்சாரம் அடங்காது. பென்சில் செல் டார்ச் சிலவற்றில் அதே அளவுள்ள 14500 லித்தியம் செல்லைப் போடுகிறார்கள். 1.5 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்ட டார்ச் என்றால், 4.2 வோல்ட் ஏறியதும் மின்சுற்று எரிந்துபோகும். பக்கவாட்டில் மின்னணுப் பொத்தான் உள்ள டார்ச்சுகள் அணைத்த பிறகும் சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் செல்லும் இறங்காது, சட்டைப்பையில் தானாக எரிந்து துணியும் கருகாது. இன்னொன்று: கண்ணுக்கு இரு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் லூமன் ஏறக்குறைய நான்கு மடங்கு ஏற வேண்டும். 300க்கும் 500க்கும் உள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய டார்ச்சாக வாங்கி, சார்ஜ் செய்த இன்னொரு 18650 செல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யம் ஆசிரியை:

கம்பிப்பணி அண்ணா, கஜாவின்போது எங்கள் ஊர்களுக்கு வந்து உழைத்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் முதலில் என் நன்றி. ஆனால் சார்ஜ் செய்த இன்னொரு செல் போதும் என்று நீங்கள் சொல்வதை எங்கள் அனுபவம் ஏற்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் கரையேறியது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 23 நாட்கள் ஆயின. இரண்டு 18650 செல்கள் மூன்றாம் நாளிலேயே தீர்ந்துவிட்டால், அவற்றை எங்கே போய்ச் சார்ஜ் செய்வது? ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் கைப்பேசிகளுக்கே வரிசையாக இருந்தது. பெட்டிக்கடையில் கிடைத்ததெல்லாம் பென்சில் செல்லும் கட்டை செல்லும் மெழுகுவத்தியுமே.

எனக்கு மறக்காதது புயல் அடித்த நேரம்தான். ஓடுகள் பறக்கும் சத்தத்தில் மாமியாரைச் சமையலறைக்கு அழைத்துப் போக அலமாரியிலிருந்த டார்ச்சை எடுத்தேன். அது எரியவில்லை. இருட்டிலேயே பின்மூடியைத் திருகினேன், அசையவில்லை. துணியைச் சுற்றிப் பலங்கொண்ட மட்டும் திருகியபோது விரல்களில் உப்புப்போல ஒரு தூள் ஒட்டியது. விடிந்த பிறகு பார்த்தால், செல்கள் கசிந்து, சுருள்வில் பச்சை பூத்து, பாதியில் அறுந்திருந்தது. பரிசாக வந்த விலையுயர்ந்த டார்ச் அது. எத்தனை லூமன், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அந்த இரவில் எனக்கு எதற்கும் உதவவில்லை. இப்போது செல்களைக் கழற்றித் தனி டப்பாவில் டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்ததும் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

வயல்காரர் ஐயா, பரணில் போட்ட பழைய டார்ச்சை ஒருமுறை திறந்து பாருங்கள்.

மாந்தோப்பு:

ஒளியின் நிறத்தைப் பற்றி இதுவரை யாருமே பேசவில்லை. கண்ணாடி விரியன் சருகுக்குள் கிடந்தால் எப்படித் தெரியும் என்பது தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தரும் என் டார்ச்சில் சருகு, மண், பாம்பு மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகவே தெரிந்தன. குக்கர் சீறுவதுபோன்ற சத்தம் கேட்டுத்தான் நின்றேன். பின்னால் வந்த தம்பி, சற்று மஞ்சள் சாய்ந்த வெளிச்சமுள்ள தன் டார்ச்சை அதே இடத்தில் அடித்தான். பழுப்பு உடலின் மேல் சங்கிலிபோன்ற புள்ளிகள் உடனே பிரிந்து தெரிந்தன. லூமனில் அவனுடையது என்னுடையதை விடக் குறைவு.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் (கே) என்னும் அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் சாயும். அட்டையில் 6500 கே என்றிருப்பதை விட 4000 அல்லது 5000 கே என்றிருப்பதை எடுங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. அவ்வகை எல்.இ.டி. அதே மின்சாரத்தில் சற்றுக் குறைவான லூமனே தரும். அதைத் தயங்காமல் விட்டுக்கொடுக்கலாம்.

வயல்காரர்:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி பரணிலிருந்து பழைய டார்ச்சை இறக்கித் திறந்தேன். ஒரு செல்லின் அடியில் வெள்ளைத் தூள் பூக்கத் தொடங்கியிருந்தது. நல்ல வேளையாகச் சுருள்வில்லுக்குச் சேதமில்லை. துடைத்து வைத்திருக்கிறேன்.

கம்பிப்பணி தம்பியின் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். 18650 செல்லைக் கழற்றிப் போடக்கூடிய, 5000 கே நிறமுள்ள டார்ச் ஒன்றை வாங்கினேன். அதன் உச்சம் 1000 லூமன், நடுநிலை 300 லூமன். நடுநிலையில் நான்கு மணி நேரம் என்று அட்டையில் இருந்ததை அப்படியே நம்பாமல், ஒரு மாலையில் திண்ணைச் சுவரைப் பார்த்து எரியவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். மூன்று மணி ஐம்பது நிமிடம் வரை சுவரில் விழுந்த வட்டம் மங்கவில்லை. அதன் பிறகே இறங்கியது. மோட்டார் போட்டு மடை மாற்றித் திரும்ப எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கற்றை தூரம் போகவில்லை என்பது உண்மைதான். கொட்டகை வாசலில் நின்று முழு வரப்பையும் பார்க்க ஒரு நொடி உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, நடக்கும்போது நடுநிலைக்கு இறக்கிக்கொள்கிறேன். ஒற்றைப் பென்சில் செல் டார்ச் ஒன்றும் மடியில் இருக்கிறது.

நேற்றுப் பகலில் முதல் வேலையாக, வரப்பில் கிடந்த குழாய்த் துண்டுகள் பதினேழையும் பொறுக்கிக் கொட்டகைக்குள் கட்டிப் போட்டேன்.