தவணை தாண்டினால் காணி போச்சா?

புதுக்கடையான்:
"நிபந்தனை அறுதி (தவணைக்குள்ள காசைக் கட்டினால் காணியைத் திருப்பி எழுதித் தருவன் எண்ட நிபந்தனையோட எழுதுற விற்பனை உறுதி) எழுதிக் காசு வாங்கினவர் தவணைக்குள்ள கட்டாட்டி காணி போச்சு" எண்டு நேற்று எழுதினதை இத்தனை பேர் பகிர்ந்திருக்கிறீங்கள். முழுப் பிழை. இலங்கையின்ர 1917ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம், 83ஆம் பிரிவு. விற்கிற எண்ணம் இருக்கேல்லை எண்டு சூழ்நிலை காட்டினால், உறுதி ஆற்றை பேரில இருந்தாலும் அவர் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டும்தான், அதாவது எழுதிக் குடுத்தவருக்காகக் காணியை வச்சிருக்கிறவர்.

செட்டித்தெரு:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேளுங்கோ. நொத்தாரிசுக்கு முன்னால தவணைக்குக் கையெழுத்து வச்சது ஆர்? தவணை தவணைதான்.

புதுக்கடையான்:
உண்மையான விற்பனைக்குத் தவணை இறுக்கம். கடனுக்கு எழுதினது வேற. கோடி பெறுமதியான காணி 20 லட்சத்துக்குப் போயிருக்கா? எழுதினவர் இன்னும் அங்கதான் குடியிருக்கிறாரா? மாநகரசபை வரி, நொத்தாரிசு செலவு ஆர் கட்டினது? மாதாமாதம் வட்டி போனதா? நீதிமன்றம் இதுகளைத்தான் பார்க்கும். வட்டி கட்டின சிட்டையள் கையில இல்லாமல்தான் கனபேர் தோற்கினம்.

கொட்டாஞ்சேனை:
லேவியராகமம் 25: மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றால் மீட்க 1 வருடம். தாண்டினால் வாங்கினவருக்கே நிரந்தரம். வேதமே தவணையை மதிக்குது.

புதுக்கடையான்:
அடுத்த வசனத்தை ஏன் விட்டீங்கள்? மதிலில்லாத ஊர் வீடு வயலைப் போல. மீட்கலாம், யூபிலி வருடத்தில (ஐம்பதாவது வருடம்) திரும்பியும் வரும்.

கொட்டாஞ்சேனை:
வேதம் எனக்குப் படிப்பிக்க வேண்டாம். கொழும்பு நகரம்தானே?

வெள்ளவத்தை அக்கா:
ஈட்டு உறுதியெண்டால் (காணியை விற்காமல் கடனுக்கு அடமானம் வைக்கிறது) காசு குடுத்தவர் காணியைத் தானே எடுக்கேலாது. 1949ஆம் ஆண்டு 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டப்படி வழக்குப் போட்டு ஏலத்தில விற்பிக்கவேணும், மிச்சக் காசு உரியவருக்கு. அந்தச் சிரமம் வேண்டாமெண்டுதான் அறுதி எழுதுவிக்கினம். அடைவு நகைக்கு இருக்கிற நியாயம் காணிக்கு இல்லையோ?

செட்டித்தெரு:
அடைவுக் கதையை ஏன் இழுக்கிறீங்கள் அக்கா? சிட்டையிலயும் தவணை இருக்கு. வாங்கினவர் மூன்றாம் ஆளுக்கு வித்திட்டால் உங்கட 83 என்ன செய்யும்?

புதுக்கடையான்:
விசயம் தெரியாமல் நல்லெண்ணத்தில விலை குடுத்து வாங்கினவரிட்ட இருந்து எடுக்கிறது கஷ்டம். அதாலதான் வழக்குப் போட்ட கையோட லிஸ் பென்டன்ஸை, அதாவது இந்தக் காணிக்கு வழக்கு நடக்குது எண்ட அறிவித்தலை, காணிப் பதிவகத்தில பதியவேணும். பிந்தினால் போச்சு.

செட்டித்தெரு:
பாருங்கோ, "பிந்தினால் போச்சு" எண்டு நீங்களே சொல்லுறீங்கள்!

புதுக்கடையான்:
பதிவு பிந்தினால் எண்டு சொன்னனான், தவணை பிந்தினால் எண்டு இல்லை. வாடகைச் சட்ட விவாதத்திலயும் இப்பிடித்தான் பாதியை வெட்டிப் போட்டனீங்கள்.

செட்டித்தெரு:
அந்த விவாதத்தில தோற்றது ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும். தவணைக்குப் பதில் சொல்லுங்கோ.