இண்டிபெண்டன்ஸ் ஏரைச் சாய்த்தது எண்ணெய் விலையா, 50 சீட்டா?

கணக்குப்பிள்ளை:
வான்வழி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "யுனைட்டெட் ஏர்லைன்ஸை விட்டு வெளியே வந்தது சரியான முடிவு, 2005இல் எண்ணெய் விலை ஏறாமல் இருந்திருந்தால் இண்டிபெண்டன்ஸ் ஏர் இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கும்" என்கிறார். அதற்கு ஆளாளுக்கு ஆமாம் சாமி போடுகிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் டல்லஸ் விமான நிலையம். அங்கே அட்லாண்டிக் கோஸ்ட் ஏர்லைன்ஸ் என்று ஒரு கம்பெனி. விமானமும் பைலட்டும் அவர்களுடையது. மேலே அடித்த பெயிண்ட், டிக்கெட், பயணி எல்லாம் யுனைட்டெடுடையது. 'யுனைட்டெட் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஓட்டுவார்கள், நடைக்கு இவ்வளவு என்று கூலி. சீட் காலியாகப் போனாலும் கூலி வந்துவிடும், எண்ணெய்ச் செலவு யுனைட்டெட் தலையில். 2002 டிசம்பரில் யுனைட்டெட் திவால் மனு போட்டது. கூலியைக் குறை என்றது. இவர்கள் 2003 ஜூலையில், சொந்தமாகவே மலிவு டிக்கெட் கம்பெனி நடத்தப்போவதாக அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் இண்டிபெண்டன்ஸ் ஏர். 2004 ஜூன் 16 அன்று முதல் விமானம். 2006 ஜனவரி 5 கடைசி விமானம். 19 மாதம்கூட நிறையவில்லை.

எண்ணெய் காரணமே இல்லை. கையில் இருந்தது சிஆர்ஜே-200 என்ற சின்ன ஜெட், 50 சீட். அதை வைத்துக்கொண்டு மலிவு டிக்கெட் விற்றுப் பிழைக்க முடியாது.

வான்வழி:
என் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டுமா? சரி. 2003 ஜூலையில் அவர்கள் திட்டம் போட்டபோது கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 30 டாலர். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்தபோது 70 டாலரைத் தொட்டது. பெரிய விமானக் கம்பெனிகளான டெல்டாவும் நார்த்வெஸ்டும் அதே வருஷம் செப்டம்பர் 14 அன்று, ஒரே நாளில், திவால் மனு போட்டன. அவர்களும் 50 சீட்டால்தான் விழுந்தார்களா? இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய விலையைக் காரணமே இல்லை என்று தள்ளுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
டெல்டாவும் நார்த்வெஸ்டும் திவாலிலிருந்து எழுந்து வந்தார்கள். சவுத்வெஸ்ட், ஜெட்புளூ போன்ற மலிவு டிக்கெட் கம்பெனிகளும் அதே வருஷங்களில் எண்ணெய் வாங்கித்தான் ஓட்டினார்கள். அவர்கள் இன்றைக்கும் பறக்கிறார்கள். சிஆர்ஜேயில் இரண்டு பைலட், 50 பயணி. ஒரு பைலட்டின் சம்பளத்தை 25 பேர் சுமக்கிறார்கள். சவுத்வெஸ்டின் போயிங் 737-700இல் அதே இரண்டு பைலட், 137 பயணி. ஒரு பைலட்டுக்கு 68 பேர். இதற்கு எண்ணெய் விலை எதற்கு? எண்ணெய் இலவசமாகக் கிடைத்திருந்தாலும் இந்தக் கணக்கு உதைக்கும். 50 சீட்.

தராசு:
நண்பர்களே, 'மலிவு டிக்கெட்' என்பது ஒன்று, 'குறைந்த செலவில் ஓட்டுவது' என்பது வேறொன்று. இண்டிபெண்டன்ஸ் ஏர் முதலாவதைச் செய்தது, இரண்டாவதைச் செய்யவில்லை. நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால்...

ஓடுபாதை:
கணக்குப்பிள்ளை சார், பைலட்டை மட்டும் எண்ணி விட்டுவிட்டால் எப்படி? 50 சீட்டுக்கு ஒரே ஒரு பணிப்பெண் போதும், அமெரிக்க விதி அப்படி. தரையிறங்கும் கட்டணமும் எடையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சின்ன விமானத்துக்கு எல்லாமே நஷ்டம் இல்லை.

எண்ணெய், சீட் இரண்டையும் ஓரமாக வையுங்கள். கொன்றது யுனைட்டெட். இவர்கள் கிளம்பிய அதே வழித்தடங்களில் மேசா, ஏர் விஸ்கான்சின் போன்ற கம்பெனிகளை வைத்து யுனைட்டெட் விமானம் விட்டது. டிக்கெட் விலையை இவர்கள் எங்கே வைத்தார்களோ அங்கேயே கொண்டுவந்து நிறுத்தியது. அதில் பல விமானங்கள் அதே சிஆர்ஜே, அதே 50 சீட். அவர்களுக்கு மட்டும் கணக்கு உதைக்கவில்லையா?

கணக்குப்பிள்ளை:
நீங்களே வலையில் வந்து விழுந்தீர்கள். யுனைட்டெடின் 50 சீட்டில் உட்கார்ந்திருப்பவன் டல்லஸோடு நிற்க மாட்டான். அங்கே இறங்கி லண்டனுக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ அடுத்த விமானம் ஏறுவான். காசு அந்த நீளப் பயணத்தில் வந்துவிடும். சின்ன விமானம் வாய்க்கால், பெரிய விமானம் வயல். இண்டிபெண்டன்ஸ் ஏர் வயலை விட்டுவிட்டு வாய்க்காலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. அந்த வாய்க்காலின் அகலம் 50 சீட்.

வான்வழி:
அப்படியானால் குற்றம் சீட்டில் இல்லை, வழித்தட அமைப்பில் இருக்கிறது என்று ஆகிறது. நீங்கள் சொன்னதற்கு நீங்களே எதிராகப் பேசுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
எதிராக ஒன்றும் பேசவில்லை. 50 சீட் என்றேன். இப்போதும் 50 சீட் என்கிறேன்.

நீலவானம்:
வணக்கம், புதியவன். டாலஸில் சவுத்வெஸ்டின் கோட்டையிலேயே போய்ப் போட்டி போட்டதுதான் தப்பு என்று நினைக்கிறேன்.

ஓடுபாதை:
டாலஸ் டெக்சாஸில் இருக்கிறது. நாம் பேசுவது வர்ஜீனியாவில் உள்ள டல்லஸ். ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் என்ற வெளியுறவு அமைச்சர் பெயரை வைத்தது. மேலே ஒரு தடவையாவது படித்துவிட்டு எழுதியிருக்கலாம். சவுத்வெஸ்ட் டல்லஸுக்கு வந்ததே 2006 அக்டோபரில், இவர்கள் மூடிய பிறகு.

நீலவானம்:
ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு வகுப்பா? சவுத்வெஸ்ட் பக்கத்தில் பால்டிமோரில் 1993இலிருந்தே இருந்ததே, அது கணக்கில் வராதா?

ஓடுபாதை:
அது எழுத்துப் பிழை இல்லை. ஊர்ப் பிழை.

பறவைப்பிரியன்:
50 சீட்டில் முடியாது முடியாது என்கிறீர்களே. நம்ம ஏர் டெக்கான் 2003இல் 48 சீட் ஏடிஆரை வைத்துத்தான் ஆரம்பித்தது. கூட்டம் அலைமோதவில்லையா?

கணக்குப்பிள்ளை:
ஏடிஆர் டர்போப்ராப், விசிறி சுழல்கிற விமானம், ஐயா. எண்ணெய் குடிக்கிற அளவே வேறு. சிஆர்ஜே ஜெட். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிற ஆளோடு என்ன பேச? டெக்கானும் கடைசியில் கிங்ஃபிஷர் கைக்குத்தான் போனது.

வான்வழி:
ஆஹா! எண்ணெய் குடிக்கிற அளவு இப்போது மட்டும் முக்கியமாகிவிட்டதா? காலையில் "எண்ணெய் காரணமே இல்லை" என்று எழுதியது யார்?

கணக்குப்பிள்ளை:
வான்வழிக்கு என் வாக்கியங்களை வெட்டி ஒட்டுவதே வேலை. ஏ380 என்ற பெரிய விமானத்தின் உற்பத்தியை ஏர்பஸ் நிறுத்தப்போகிறது என்று நான் எழுதியபோதும் இப்படித்தான் நான்கு நாள் குதித்தார். 2019 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ஒரு வார்த்தை 'நீங்கள் சொன்னது சரி' என்று வந்ததா? இல்லை.

வான்வழி:
அதையே இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

கரிசல்:
நான் அதில் பறந்தவன். 2005 மார்ச், ராலேயிலிருந்து டல்லஸ். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சீட். ஜன்னல் முழங்கை உயரத்தில் இருக்கும், வெளியே பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை மடக்கிக் குனிய வேண்டும். பணிப்பெண் கடைசி வரிசை வரைக்கும் வந்து ஒவ்வொருவரிடமும் நின்று பேசினார். தலையை எண்ணிப் பார்த்தேன், 19 பேர். என் வரிசையில் நான் மட்டும். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்கு எனக்கே கூச்சமாக இருந்தது. நல்ல கம்பெனி. மூடிய செய்தி வந்த அன்று வருத்தமாக இருந்தது.

கணக்குப்பிள்ளை:
50இல் 19. நான் சொன்னதைத்தான் கரிசல் அண்ணன் சொல்கிறார்.

ஓடுபாதை:
அவர் சொன்னது விமானம் காலியாக இருந்தது என்று. 50 சீட்டே நிறையாதபோது 137 சீட் வைத்திருந்தால் நிறைந்திருக்குமா? எண்பதுக்கும் மேற்பட்ட சிஆர்ஜே, டல்லஸிலிருந்து ஒரே கோடையில் நாளுக்கு 300 புறப்பாடு என்று அவ்வளவையும் கொண்டுவந்து கொட்டினார்கள். யார் ஏறுவது? அவசரம்தான் காரணம். பாதியை ஓரங்கட்டிவிட்டு மெதுவாக வளர்ந்திருந்தால்...

கணக்குப்பிள்ளை:
ஓரங்கட்டினால் குத்தகைப் பணத்தை யார் கட்டுவது? விமானம் தரையில் நின்றாலும் மாதா மாதம் தவணை ஓடும். கூலி வாங்கியபோது யுனைட்டெட் கொடுத்த காசில் அந்தத் தவணை அடைந்தது. அதனால்தான் அத்தனையையும் பறக்கவிட வேண்டியிருந்தது. வேறு விமானம் இருந்தால் வேறு கதை.

வான்வழி:
வேறு விமானமும் இருந்தது! 2004 கடைசியில் ஏர்பஸ் ஏ319 வந்தது, 132 சீட். மொத்தம் 12. ஃப்ளோரிடாவுக்கும் மேற்குக் கரைக்கும் பறந்தது. பெரிய விமானம் வந்தும் ஏன் பிழைக்கவில்லை? 132 சீட் உள்ள விமானத்தையும் 50 சீட்தான் கொன்றதா? நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
12 விமானம் சம்பாதித்ததை எண்பது விமானம் தின்றது. ஏ319 வந்ததே சில மாதம் கழித்து. அதற்குள் கைக்காசு கரைந்துவிட்டது. 2005 நவம்பர் 7 திவால் மனு, இரண்டே மாதத்தில் கடை மூடல். ஏ319ஐ முதலில் வாங்கி சிஆர்ஜேக்களை யுனைட்டெட் வேலையிலேயே விட்டிருந்தால் நானே பாராட்டியிருப்பேன்.

வான்வழி:
அந்தச் சில மாதத்தில் எண்ணெய் எவ்வளவு ஏறியது என்று பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
மறுபடியும் எண்ணெயா?

தராசு:
இன்னும் யாரும் என் கேள்வியைத் தொடவில்லை.

நீலவானம்:
டல்லஸ் என்று திருத்தி எழுதுகிறேன், யாரும் அடிக்க வராதீர்கள். 2003 அக்டோபரில் மேசா இந்தக் கம்பெனியை வளைத்துப் போட முயன்றதே, டிசம்பரில் கைவிட்டதே. அது நடந்திருந்தால் யுனைட்டெடோடேயே இருந்திருப்பார்கள், ஊழியர்களுக்கு வேலையும் மிஞ்சியிருக்கும் இல்லையா? இதைப் பற்றி யாருமே பேசவில்லை.

ஓடுபாதை:
இது உருப்படியான கேள்வி. பைலட்கள் தரப்பு என்ன நினைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாளை எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
நாளை வரைக்கும் எதற்கு? மேசாவிடம் இருந்ததிலும் நிறைய 50 சீட்தான்.