கேப் காட்: ஆர்லியன்ஸ் எல்ட்ரெட்ஜ் பார்க்ல பேஸ்பால் நைட், வயசான அப்பாவை கூட்டிட்டு போலாமா?

கேள்வி (பாஸ்டன்_மதுரை):
வணக்கம் மக்களே. ஜூலை கடைசில நாலு நாள் கேப் காட்ல (பாஸ்டனுக்கு தெக்க இருக்கிற கடற்கரை பகுதி) ஆர்லியன்ஸ்ங்கிற ஊர் பக்கத்துல வீடு எடுத்திருக்கோம். ஊர்லேர்ந்து அப்பா வந்திருக்கார், 71 வயசு, கிரிக்கெட்னா சோறு தண்ணி வேண்டாம், ஆனா பேஸ்பால் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குறார். பையனுக்கு 9 வயசு, லிட்டில் லீக் (சின்னப் பசங்க பேஸ்பால்) ஆடுறான், தாத்தாகூட உக்காந்து ஒரு மேட்ச் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். பாஸ்டன் பெரிய ஸ்டேடியம் ஃபென்வே பார்க் கூட்டத்துல அப்பாவை படி ஏத்தி இறக்க எனக்கு பயம். ஆர்லியன்ஸ்ல எல்ட்ரெட்ஜ் பார்க்னு ஒரு பழைய கிரவுண்ட் இருக்காம், டிக்கெட்டே கிடையாதுன்னு சொல்றாங்க, நெஜமா? உக்கார வசதி எப்படி? சைவ சாப்பாடு? அந்த இடத்தோட கதை தெரிஞ்சாலும் சொல்லுங்க, கதை இருந்தா அப்பா கண்டிப்பா வருவார்.

பதில் (கேப்_வாசி):
தாராளமா கூட்டிட்டு போங்க சார், நான் இங்க 11 வருஷமா இருக்கேன், கோடைல வாரத்துல ஒரு நாளாவது அங்கதான் இருப்பேன். டிக்கெட் கிடையாது, நெஜம்தான், இங்க நடக்குற கேப் காட் லீக் முழுக்கவே அப்படித்தான். நடுவுல ராஃபிள் (குலுக்கல்) சீட்டு வித்துட்டு வருவாங்க, ஒண்ணு ரெண்டு வாங்குங்க, கிளப்பை ஊர்க்காரங்களே சம்பளம் இல்லாம நடத்துறாங்க, அந்த காசுதான் பந்தும் பேட்டும்.

உக்கார்றதுதான் அங்க விசேஷமே. கிரவுண்ட் ஓரமா ஒரு புல்மேடு, நம்ம ஊர் கோயில் குளத்து படிக்கட்டு மாதிரி தட்டுத்தட்டா வெட்டி வச்சிருப்பாங்க, அதுல அவங்கவங்க மடக்கு சேரை போட்டு உக்காந்துக்க வேண்டியதுதான். காலைலயே சேரை கொண்டு வந்து போட்டுட்டு பீச்சுக்கு போயிடுவாங்க, சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் தொட மாட்டாங்க. நீங்களும் காலைல காபி குடிச்ச கையோட மூணு சேரை போட்டுட்டு வந்துடுங்க, அப்பாவுக்கு கீழ்தட்டுல, ஏறி இறங்குற வேலை இருக்காது. அங்கேர்ந்து பாத்தா பிளேயர் மூச்சு வாங்குறதுகூட தெரியும்.

அங்க இருக்கிற சாப்பாட்டு ஸ்டாண்ட்ல ஹாட் டாக், பர்கர்தான் மெயின். வெளிலேர்ந்து சாப்பாடு கொண்டு போகலாம், நாங்க புளியோதரையும் சிப்ஸும் கட்டிட்டுத்தான் போவோம். ஜூலைன்னு நம்பி அரைக்கை சட்டையோட போகாதீங்க, லைட் போட்டதும் கடல்காத்து சில்லுனு இறங்கும், அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர், கொசு மருந்து ரெண்டும் மறக்காதீங்க.

பதில் (பழைய_ஸ்கோர்கார்ட்):
கதை கேட்டீங்கல்ல, அதுக்குத்தான் வந்தேன். இந்த இடம் 1913ல எல்ட்ரெட்ஜ்னு ஒருத்தர் ஊருக்கு குடுத்த நிலம், அதான் அந்த பேரு. ஆர்லியன்ஸ் டீம் 1928லேர்ந்து கேப் லீக்ல ஆடுது, இன்னிக்கும் மொத்தம் 6,000 சொச்சம் பேர்தான் அந்த ஊர்ல குடியிருக்காங்க, அதை நினைச்சு பாருங்க. முன்னாடி டீம் பேரு கார்டினல்ஸ், மேஜர் லீக் (அமெரிக்காவோட பெரிய தொழில்முறை லீக்) டீம் பேரை வச்சிருந்தா சட்டை தொப்பியெல்லாம் அவங்க லைசென்ஸ் வாங்கின கம்பெனிகிட்டதான் வாங்கணும்னு பிரச்சனை வந்ததால 2009லேர்ந்து ஃபயர்பர்ட்ஸ்னு மாத்திக்கிட்டாங்க.

ஆடுறவங்க எல்லாரும் காலேஜ் பசங்க, நாடு முழுக்கேர்ந்து பொறுக்கி எடுத்தவங்க, மொத்தம் 10 டீம், ஜூன் நடுவுல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடிஞ்சுடும். காசு கிடையாது, தங்குறது ஊர்க்காரங்க வீட்டுல, அந்த வீட்டு அம்மா சமைச்சு போட்டு, துணி துவைச்சு குடுத்து, சாயங்காலம் அதே மேட்டுல உக்காந்து கை தட்டுவாங்க. 1966ல கார்ல்டன் ஃபிஸ்க் ஆர்லியன்ஸுக்கு ஆடினார், அதே ஃபிஸ்க்தான் 1975 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் ஃபைனல்) ஆறாவது மேட்ச்ல, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸை தாண்டி 12வது இன்னிங்ஸ்ல, ஃபென்வேல ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சுட்டு, பந்து ஃபவுலா, அதாவது கோட்டுக்கு வெளிய, போயிடக்கூடாதுன்னு கையை வீசி வீசி காட்டினார். 1988ல ஃபிராங்க் தாமஸ், பின்னால மேஜர் லீக்ல 521 ஹோம் ரன் அடிச்சார். 1993ல நோமர் கார்சியாபாரா, பின்னால பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஸ்டார். இவங்க நின்ன மண்ணு அது, கம்பி வேலி கட்டி மியூசியமா வைக்காம இன்னும் பசங்க ஓடி ஆடிட்டு இருக்காங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

அப்பாகிட்ட இன்னொண்ணு சொல்லுங்க: காலேஜ்ல இந்த பசங்க அலுமினிய பேட்ல ஆடுவாங்க, இங்க மர பேட்தான், நடுவுல சில வருஷம் அலுமினியத்துக்கு போயிட்டு 1985ல மரத்துக்கே திரும்பிட்டாங்க. அலுமினியத்துல தப்பா பட்டாலும் பந்து போகும், மரத்துல நடுவுல பட்டாதான் உண்டு, கைப்பிடி பக்கம் பட்டா பேட்டே ரெண்டாகிடும். மேஜர் லீக்ல மர பேட்தான், அதனால எவன் தேறுவான்னு பாக்க ஸ்கவுட்டுங்க (மேஜர் லீக் டீமுக்கு ஆள் தேடுறவங்க) பேட்டிங் பண்ற இடத்துக்கு பின்னால, பந்து வேகம் அளக்குற ரேடார் கன்னோட உக்காந்திருப்பாங்க. கிரிக்கெட் பாக்குற மனுஷனுக்கு பேட் சத்தத்தை சொல்லித்தர வேண்டியதில்லை.

பதில் (கடல்மூட்டம்):
மேல சொன்னதெல்லாம் சரி, ரெண்டு விஷயம் மட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்டன்லேர்ந்து கிளம்பாதீங்க, கேப்புக்குள்ள வர்ற சாகமோர் பாலம் 1935ல கட்டினது, குறுகலா இருக்கும், அதுல மாட்டினா பொழுது அங்கேயே போயிடும். அப்புறம், ஒரு நாள் ஆர்லியன்ஸ்ல மேட்ச் இல்லைன்னா பக்கத்து ஊர் சாத்தம்ல வெடரன்ஸ் ஃபீல்டுக்கு போங்க, பின்னால மேஜர் லீக் போன தர்மன் மன்சன் 1967ல .420 பேட்டிங் சராசரில அடிச்ச டீம். ஆனா அங்க பனிமூட்டம் வந்தா அவ்வளவுதான், நான் போனப்ப நாலாவது இன்னிங்ஸ்ல அவுட்ஃபீல்டர் முதுகு நம்பர் மறைஞ்சுது, அப்புறம் ஆளே மறைஞ்சுட்டான், அரை மணி காத்திருந்துட்டு மேட்சை நிறுத்திட்டாங்க. இன்னொரு டீம் ஊரான கோட்டுயிட் போனா கிரவுண்ட்ல லைட் கிடையாது, சீக்கிரமே ஆரம்பிச்சுடுவாங்க, நேரம் பாத்துட்டு போங்க.

பாஸ்டன்_மதுரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, போயிட்டு வந்துட்டோம். காலைல எட்டரைக்கு சேர் போட போனா ஏற்கனவே மேட்டுல பாதி நிறைஞ்சிருந்தது, எப்படியோ கீழ்தட்டுல மூணு கிடைச்சுது, சாயங்காலம் வச்ச இடத்துல வச்சபடி இருந்ததை பாத்து அப்பா அசந்துட்டார்.

முதல் ரெண்டு இன்னிங்ஸ் "பந்து தரைல படவே இல்லையே, இதுல என்ன ஸ்பின்"னு சொல்லிட்டே இருந்தார். மூணாவதுல ஒரு இடதுகை பையன் பந்தை லேட்டா உள்ள கொண்டு வந்தான், பேட்ஸ்மேன் சும்மா நின்னு அவுட் ஆனான், அப்பா சேர்லேர்ந்து எந்திரிச்சுட்டார். அதுக்கப்புறம் என் பையன்தான் அவருக்கு கமெண்டரி. ஃபவுல் பால் மேட்டை தாண்டி போனா சின்னப் பசங்க பத்து பேர் துரத்திட்டு ஓடுறாங்க, எங்க ஆளுக்கும் ஒண்ணு சிக்குச்சு, புல்லு கறையும் செம்மண்ணும் ஒட்டின பந்து, ஒரு நிமிஷம் தாத்தா கைல குடுத்துட்டு ஓடிப்போய் கிளப்காரங்ககிட்ட திருப்பி குடுத்துட்டு வந்தான்.

ஏழாவது இன்னிங்ஸ்ல ஒருத்தன் பேட் ஒடைஞ்சுது, பட்டாசு மாதிரி சத்தம். மேட்ச் முடிஞ்சதும் பிளேயர்ஸ் வேலி ஓரம் நின்னு கையெழுத்து போடுறாங்க, என் பையன் போய் கேட்டதும் அந்த பிளேயர் ஒடைஞ்ச பேட் கைப்பிடியையே எடுத்து குடுத்துட்டான். கருப்பா பைன் தார் (பிடி வழுக்காம இருக்க தடவுறது) பிசின் ஒட்டுது, அப்பா அதை வாங்கி ஒடைஞ்ச மரத்தோட நாரை விரலால தடவி "ஆஷ் மரமா மேப்பிளா"ன்னு அவன்கிட்டயே விசாரிச்சார். மேப்பிளாம். வீட்டுக்கு வந்து சோப்பு போட்டு தேய்ச்சும் கை பிசுபிசுப்பு போகல, அதோட உக்காந்து மிச்ச புளியோதரையை ஸ்பூன்ல சாப்பிட்டார். நாளைக்கு சாத்தம், பனி இல்லாம இருக்கணும்.