மெஸ்கீட் புகையேறிய அமெரிக்க சிங்கிள் மால்ட்டை எப்படிச் சுவைப்பது?

அல்சூர்வாசி கேட்டது:

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் வடிக்கப்படும், மெஸ்கீட் என்ற மரத்தின் புகையேறிய விஸ்கி டெல் பாக் டொராடோ என்ற சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) புட்டி ஒன்றை என் மைத்துனர் அங்கிருந்து கொண்டுவந்து தந்திருக்கிறார். புகைமணம் உள்ள விஸ்கி என்றால் எனக்குப் பழக்கமானவை நம் ஊரின் அம்ருத் பீட்டடும் ஸ்காட்லாந்தில் உள்ள ஐலா தீவின் லகாவுலினும்தான். லகாவுலினில் வரும் மருந்து நெடியோ கடற்காற்றின் உப்போ இதில் சிறிதும் இல்லை. அணைந்த விறகின் மணமும் கருகிய சர்க்கரையின் இனிப்பும் மேலோங்கி நிற்கின்றன. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் ஒரு துவர்ப்பும் தங்குகிறது. இது இந்த விஸ்கியின் இயல்புதானா? தண்ணீர் சேர்த்தால் கெடுமா?

விறகுப்புகை எழுதியது:

இயல்புதான், ஐயா. ஸ்காட்லாந்தில் முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது பீட்டை எரித்துப் புகையூட்டுகிறார்கள். சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிப் படிந்த அந்தப் பீட்டின் புகையில் உள்ள கிரெசால் போன்ற பீனால் வகைச் சேர்மங்களே மருந்து நெடியைத் தருகின்றன. டொராடோவுக்கான பார்லியோ மெஸ்கீட் விறகின் புகையில் உலர்த்தப்படுகிறது. விறகுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் எரிந்து சிதையும்போது குவையகால், சிரிங்கால் என்ற மணச் சேர்மங்கள் உண்டாகின்றன. உங்களுக்கு எட்டிய இனிப்பு கலந்த விறகு மணம் பெரும்பாலும் அவற்றின் வேலை. மெஸ்கீட் மரத்தில் மேசை நாற்காலி செய்துவந்த ஸ்டீபன் பால் என்பவர், மிஞ்சிய மரத்துண்டுகளை அடுப்பில் எரித்துச் சமைத்த பழக்கத்திலிருந்துதான் இந்த விஸ்கிக்கான எண்ணம் பிறந்தது.

இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கரிமூட்டம் போடப்படும் சீமைக் கருவேலம் மெஸ்கீட்டுக்கு நெருங்கிய உறவு என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் 19ஆம் நூற்றாண்டில்தான் நம் நாட்டுக்கு வந்தது. ஆகவே இந்த விஸ்கியை ஐலாவின் அளவுகோலால் அளப்பதைவிட, நம் மூக்குக்கு முன்பே தெரிந்த அந்த விறகு மணத்திலிருந்து அணுகுவதே நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

பீப்பாய்க்காரர் எழுதியது:

மேலே உள்ள விளக்கம் சரியானதே. ஆனால் எல்லாவற்றையும் புகையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உள்பக்கம் கருக்கிய ஓக் பீப்பாயும் குவையகாலையும் வெனிலாவின் மணத்தையும் தரக்கூடியது. துவர்ப்புக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஓக் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளைத்தான், ஏனெனில் வெப்பமான ஊர்களில் மரத்தின் சாரம் விரைவாக இறங்குகிறது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு விஸ்கி ஆவியாகும்போது, நம் பெங்களூருவில் 10 விழுக்காட்டுக்கும் மேல் போய்விடுவதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

வாய் குறுகிய கிண்ணத்தில் ஊற்றிச் சற்று நேரம் அப்படியே விடுங்கள். முதல் மிடறு எதுவும் கலக்காமல் இருக்கட்டும். பிறகு சில துளிகள் மட்டும் தண்ணீர் சேர்க்கலாம். சுவீடன் ஆய்வாளர்கள் 2017இல் கணினி மாதிரி கொண்டு காட்டியபடி, மதுச்சாரம் 45 விழுக்காடும் அதற்குக் குறைவாகவும் இருக்கும்போது குவையகால் திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது. அதாவது தண்ணீர் சேர்ப்பதால் புகைமணம் மூக்குக்கு எளிதில் எட்டுமே தவிரக் கெடாது. பனிக்கட்டி மட்டும் வேண்டாம், குளிர்ச்சியில் மணம் அடங்கிவிடும். அதே மாலையில் அம்ருத் பீட்டடும் பருகுவதாக இருந்தால் டொராடோவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டுக்குப் பின் மெஸ்கீட் எடுபடாது.

ஜெயநகர் வாசகர் எழுதியது:

அமெரிக்கப் புகை என்றாலே மெஸ்கீட் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்டீவ் மெக்கார்த்தி 1990களில் வெளியிட்ட மெக்கார்த்தீஸ் ஒரிகன் சிங்கிள் மால்ட், ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்த, பீட் புகையேறிய மால்ட்டில் (முளைகட்டிய பார்லியில்) வடித்து ஒரிகன் ஓக்கில் முதிர்த்தது. லகாவுலின் பழகியவருக்கு அதுவே எளிய பாலம். நியூ மெக்சிகோவின் கோல்கீகன் என்ற விஸ்கி மீண்டும் மெஸ்கீட்தான். அமெரிக்க சிங்கிள் மால்ட் வகைக்கு அந்நாட்டுச் சட்டத்தில் தனி வரையறை 2025 ஜனவரி 19 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது: முழுவதும் மால்ட் செய்த பார்லி, ஒரே வடிசாலை, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாய். குறைந்தபட்ச வயது எதையும் அது கேட்பதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. டெக்சாஸின் பால்கோன்ஸ் பிரிம்ஸ்டோனையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். புகை அதில் தாராளம், ஆனால் நீல மக்காச்சோளத்தில் செய்யப்படுவதால் அது சிங்கிள் மால்ட் ஆகாது.