மறதிநோய்க்கான குறுகிய காட்சிச் சோதனை: ஆலோசனை வேண்டும்

வணக்கம். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயைத் தொடக்கத்திலேயே இனங்காண, சில நிமிடங்களில் முடியும் காட்சிப் புலனறிவுச் சோதனை ஒன்றை வடிவமைத்து வருகிறோம். நினைவாற்றல், கவனம் போன்ற மூளைத்திறன்களைச் சுருக்கமாகச் சோதிக்க 1975 முதல் புழங்கிவரும் எம்எம்எஸ்இ (MMSE) சோதனையின் 30 மதிப்பெண்களில், ஒன்றையொன்று வெட்டும் ஐங்கோணங்களை வரைவதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. மூளை நரம்பணுக்களில் புரதம் படிவதால் வரும் லூயி பாடி மறதிநோயில் நினைவாற்றலுக்கு முன்பே காட்சியறிதல் குலைவதும் உண்டு என்பதால், அது போதாது என்றே கருதுகிறோம். எங்கள் சோதனையில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த பொருள்களைப் பிரித்தறியச் சொல்கிறோம்; அதற்கு எழுத்தறிவு தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: கண்புரையோ விழித்திரைக் கோளாறோ உள்ளவர் தடுமாறினால், குறை கண்ணிலா மூளையிலா என்று எப்படிப் பிரிப்பது? பார்வைக்கூர்மையை மட்டும் முன்கூட்டி அளந்தால் போதுமா, அல்லது வெளிர்–அடர் வேறுபாட்டை உணரும் திறனையும் அளக்க வேண்டுமா என்பதை, முதியோரிடம் இத்தகைய சோதனைகளை நடத்திய கண் மருத்துவர்களும் நரம்பியல் உளவியலாளர்களும் தெரிவிக்க வேண்டுகிறோம். மாதிரிப் படங்களைக் கேட்போருக்கு அனுப்பிவைக்கிறோம்.