மைக்ரோசெக்கன் காந்தத் துடிப்பை எதால் அளக்கிறது?

கல்லடிப் பொடியன்:
இறுதியாண்டு புரொஜெக்டுக்குத் துகள் முடுக்கிகளில் துகள் கற்றையைச் சட்டென்று தள்ளித் திருப்புகிற கிக்கர் காந்தத்தின் சின்ன மாதிரி ஒன்று செய்கிறேன். கொள்ளளவியைச் சுருளுக்குள் வெளியேற்றினால் 10 மைக்ரோசெக்கனில் புலம் 0.1 டெஸ்லாவுக்கு ஏற வேண்டும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது. காந்தப் புலத்தை அளக்கிற ஹோல் சென்சர் சிப் அதில் பாதியும் காட்டவில்லை, உச்சியும் பிந்தித்தான் வருகிறது. பிழை சுருளிலா, சென்சரிலா?

வாவிக்கரை:
தம்பி, சுருளைக் குறை சொல்லாதீர்கள். மலிவான ஹோல் சென்சர்களில் பலவற்றுக்கு 20 கிலோஹேர்ட்ஸ் அளவுதான் பட்டையகலம், அதைவிட வேகமான மாற்றத்தைப் பிடிக்காது, அது விழித்துப் பார்க்குமுன் துடிப்பு முடிந்துவிடும். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வால் புலத்தை அளக்கும் என்எம்ஆரும் சரிவராது, அதற்கு அசையாத சீரான புலம் வேண்டும். புலத்துக்குள் வைக்கிற சின்னக் கம்பிச் சுருள், அதாவது தேடு சுருள்தான் வழி. வயல் பம்ப் மோட்டார் வைண்டிங் செய்கிற கடையில் மெல்லிய எனாமல் கம்பி கேளுங்கள், கல்முனையில் எனக்குத் துண்டுக் கம்பி சும்மாவே தந்தார்கள். 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள பேனைக் குழாயில் 10 சுற்று சுற்றினால், நீங்கள் சொல்கிற ஏற்றத்துக்கு 2 வோல்ட் அளவில் வரும். ஆனால் அது புலம் இல்லை, புலம் மாறும் வேகம். புலம் கிடைக்க அதை நேரத்தோடு கூட்டித் தொகையிட வேண்டும்: 10 கிலோஓம் தடையும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் போட்டால் ஸ்கோப்பில் (அலைகாட்டியில்) 20 மில்லிவோல்ட் உச்சி. கை வைக்குமுன் உங்கள் பெரிய கொள்ளளவியை வெறுமையாக்குங்கள், நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

சம்மாந்துறை அக்கா:
தேடு சுருளில் இருந்து வரும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற இடைவெளியே இன்னொரு சுருளாகிவிடும். அப்புறம் தேடு சுருளை 180 பாகை திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். புலத்தால் வந்த சிக்னல் குறி மாறும், உயர் மின்னழுத்தத்தில் இருந்து கொள்ளளவு வழியாக ஒட்டிக்கொண்டு வருவது மாறாது. ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்குங்கள். அதுசரி, காந்தச் சுருளை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள்? உலோகமென்றால் அதற்குள் சுழன்றோடும் மின்னோட்டம், அதாவது சுழிப்போட்டம் எழுந்து புலத்தைத் தின்னும். ஐரோப்பிய துகள் ஆய்வுக்கூடமான சேர்னின் 27 கிலோமீற்றர் வளையத்தில், கற்றையை வெளியே தள்ளும் கிக்கர், கற்றையில் விட்டிருக்கும் 3 மைக்ரோசெக்கன் இடைவெளிக்குள் ஏறிவிட வேண்டும். அங்கே காந்தத்துக்குள் போகும் வெற்றிடக் குழாய் செராமிக், உள்ளே மெல்லிய உலோகப் பூச்சு மட்டும்.

கல்லடிப் பொடியன்:
அலுமினியத் தட்டுத்தான் அக்கா, ஆடாமல் நிற்கட்டும் என்று நானே வைத்தது! பலகைத் துண்டுக்கு மாற்றி, திருப்பிக் கழித்துப் பார்த்தேன். தொடக்கத்தில் ஊசிபோல நின்ற கூர் காணாமல் போய்விட்டது, உச்சி 18 மில்லிவோல்ட். கரண்ட் போய்விட்டது, மிச்சம் நாளைக்கு.