உதவிப் பணத்தின் கடிவாளம் யார் கையில் இருக்க வேண்டும்?

ஜூரோங் பொறியாளர்:
எங்கள் வாசகர் வட்டத்தில் எழுந்து, முடியாமல் நின்ற கேள்வி இது. வளரும் நாடு ஒன்றுக்கு ஐநா அமைப்புகள், உலக வங்கி, பணக்கார நாடுகளின் உதவித் துறைகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்குகின்றன. யார் எதைச் செய்வது என்று யார் முடிவு செய்வது? அந்த நாட்டு அரசுதான் என்பது என் உறுதியான கருத்து. உதவி தரும் நாடுகளும் பெறும் நாடுகளும் சேர்ந்து ஏற்ற 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் இதைத்தான் முதல் கொள்கையாக வைத்தது. நம் சிங்கப்பூரின் கதையும் அதுவே. 1960இல் ஐநா அனுப்பிய, டச்சுப் பொருளியலாளர் வின்செமியஸ் தலைமையிலான குழு ஆலோசனை சொன்னது. மறு ஆண்டே பொருளியல் வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, ஜூரோங்கின் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை எழுப்பும் வேலையில் இறங்கியது நம் அரசு. முடிவு எடுத்தவர்கள் இங்கேயே இருந்தார்கள்.

மட்டுநகர் மகள்:
ஐயா, உங்கள் அரசை நீங்கள் நம்ப முடிந்தது. நான் மட்டக்களப்பில் பிறந்து ஈசூனில் வாழ்பவள். 2004 சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிழக்குக் கரையில் அழிவு மிகக் கொடியது. உதவியை அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் 'பொதுக் கட்டமைப்பு' கையெழுத்தானது. ஜூலையில் அதன் முக்கியப் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தியது. அத்தோடு அது செத்தது. நாட்டுக்கு ஒரே திட்டம், அதுவும் தலைநகரில் தீட்டிய திட்டம் என்றால், அந்தத் திட்டத்தின் கண்ணில் படாதவர்கள் யாரிடம் போவது? எங்கள் ஊருக்கு நேரே வந்த தொண்டு நிறுவனங்கள்தான் என் உறவினர்களுக்குக் கூரை போட்டுக் கொடுத்தன.

தேக்கா பயணி:
சகோதரி, அந்தக் கரைக்கு நானும் ஒரு மருத்துவக் குழுவோடு வந்தேன். நேரே வருவதன் மறுபக்கத்தையும் அங்கேதான் பார்த்தேன். ஒரே முகாமில், ஒரே வாரத்தில், மூன்று அமைப்புகள் தனித்தனியே கணக்கெடுத்தன. ஒரு தாய் இறந்த பிள்ளையின் பெயரையும் வயதையும் மூன்று முறை சொல்லி எழுதவைத்தாள். மூன்றாவது முறை நான் பக்கத்தில் நின்றேன். இன்றுவரை அது என்னை விடவில்லை. கடற்கரையில் சிறு படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன. சற்று உள்ளே தள்ளியிருந்த முகாமில் கழிப்பறை இல்லை.

ஐநா அமைப்புகளை ஒன்றுசேர்க்க நாட்டுக்கு நாடு ஓர் ஒருங்கிணைப்பாளரும் உண்டு. 2019 முதல் அந்தப் பொறுப்பை வளர்ச்சித் திட்ட அமைப்பிலிருந்து பிரித்துத் தனியாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வோர் அமைப்பும் தன் கொடையாளர் குறித்துக் கொடுத்த பணத்தோடு வருகிறது. அந்தப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பும் அதிகாரம் ஒருங்கிணைப்பாளருக்கு இல்லை. கூட்டம் கூட்டலாம், கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஜூரோங் பொறியாளர்:
அதனால்தான் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைப் பாருங்கள் என்கிறேன். அதே சுனாமி. 2005 ஏப்ரலில் இந்தோனேசிய அரசு குந்தோரோ மங்குசுப்ரோதோ தலைமையில் மறுசீரமைப்பு முகமை ஒன்றை அமைத்தது. அலுவலகம் ஜகார்த்தாவில் இல்லை, ஆச்சேயின் தலைநகரான பண்டா ஆச்சேயில். யார் எங்கே என்ன கட்டுகிறார் என்று பதிய ஒரு தரவுத்தளம் வைத்தார்கள். 15 கொடையாளர்கள் தங்கள் பணத்தை உலக வங்கி நிர்வகித்த ஒரே நிதியில் போட்டார்கள். ஆச்சேயின் மெலாபோ நகரில் மருத்துவமனையையும் படகுத்துறையையும் கட்டித்தர உதவியது சிங்கப்பூர். நான்கு ஆண்டுகளில் சுமார் 140,000 வீடுகள் எழுந்தன. 2009இல் முகமை தன்னைக் கலைத்துக்கொண்டது. அரசு கடிவாளம் பிடித்ததால் நடந்தது இது.

மட்டுநகர் மகள்:
முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் சமாதானம் செய்துகொண்டன. துப்பாக்கி ஓய்ந்த மண்ணில் வீடு கட்டினார்கள். எங்களுக்கு அடுத்த ஆண்டே போர் மூண்டது.

பீஷான் ஆசிரியர்:
இருவருக்கும் ஒரு சொல். பொதுக் கட்டமைப்பில் கையெழுத்திட்டவர்கள் இரண்டு தரப்பினர் மட்டுமே. அதே கரையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் கையெழுத்திட அழைக்கப்படவில்லை. தலைநகரை விட்டு வெளியே வந்துவிட்டாலே எல்லாருடைய குரலும் கேட்டுவிடுமா?

மட்டுநகர் மகள்:
ஆசிரியரே, அது நியாயமான குற்றச்சாட்டு. அக்கரைப்பற்றில் எங்கள் அயலவர்களுக்கு அந்த மனக்காயம் இன்னும் இருக்கிறது. நான் அதை மறுக்க மாட்டேன்.

ஜூரோங் பொறியாளர்:
அப்படியானால் ஆச்சே நிதியின் அமைப்பைக் கவனியுங்கள். அதை வழிநடத்திய குழுவில் அரசோடும் கொடையாளர்களோடும் பொதுமக்கள் அமைப்புகளுக்கும் இடம் இருந்தது. திட்டம் ஒன்று, மேசையைச் சுற்றிப் பலர். நான் கேட்பது அதைத்தான்; தலைநகரின் தனி ஆட்சியை அல்ல.

மட்டுநகர் மகள்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வாதம் மிச்சமாகியிருக்கும், ஐயா. நீங்கள் சொல்லும் மேசை எங்களுக்கும் எழுதப்பட்டது. வட்டாரக் குழு என்று அதற்குப் பெயர். முஸ்லிம்களுக்கும் அதில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அலுவலகம், அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சியில் அமையவிருந்தது. நீதிமன்றம் நிறுத்திவைத்தது அந்த அலுவலகத்தையும் அதற்கான வட்டார நிதியையும்தான்.